விழாக்கால வாணிகத்தின் வரலாறு: விலைப்பட்டியல் முதல் கைப்பேசி வரை

வாணிகமும் விழாவும் பண்டுதொட்டே இணைந்து வருவன. ஊரில் விழா எடுத்தால் அங்கே கடை கூடும். கடை கூடிய இடத்தில் மக்கள் கூடுவர். மதுரை மாநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கும் மதுரைக்காஞ்சியே அந்நகரின் விழாக்களையும் உரைப்பதை நம் சங்கத்து அன்பர்கள் அறிவர். பகற்கடை, இராக்கடை என்னும் அவ்விரு கடைகளும் இன்று ஒருங்கே நம் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. நள்ளிரவு 12 மணிக்கும் அக்கடையில் விளக்கு அணைவதில்லை. நவராத்திரி நெருங்கினால் வீடுதோறும் அட்டைப்பெட்டிகள் வந்து குவிகின்றன.

இவ்விணையவழி விழாக்கால வாணிகம் நேற்றுத் தோன்றிய புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் வேரோ ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டது. அவ்வேர் பிடித்த இடங்களுள் ஒன்று ஒரு சிறு புகைவண்டி நிலையம். புகைவண்டித் துறையில் எழுத்தனாகப் பணிபுரியும் எனக்கு அச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும். அவ்வரலாற்றை ஒருவாறு தொகுத்துக் கூறி, விழாவின் நாளைக் குறிப்பவர் யார் என்னும் வினாவை அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைய அலுவலர் விற்ற கடிகாரங்கள்

அமெரிக்க நாட்டில் 1872ஆம் ஆண்டு சிகாகோ நகரில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பார் ஒற்றைத் தாளில் 163 பொருள்களின் விலையை அச்சிட்டு உழவர்களுக்கு அனுப்பினார். ஊர்க்கடைக்குச் செல்லாமலே தபாலில் எழுதிப் பொருள் பெறும் முறைக்கு அத்தாள் கால்கோளாயிற்று. காணாத கடைக்காரரை மக்கள் எங்ஙனம் நம்புவர்? பொருள் பிடிக்கவில்லையாயின் பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் 1875ஆம் ஆண்டு உறுதிமொழி அளித்தார். இன்று இணையக் கடைகள் கூறும் உறுதிமொழியும் அதுவே.

அவருக்குப் பின் வந்து அவரை விஞ்சியவர் ரிச்சர்டு சியர்ஸ் என்பார். இவர் மினசோட்டா மாநிலத்தில் வடக்கு ரெட்வுட் என்னும் சிற்றூரில் புகைவண்டி நிலைய அலுவலராக இருந்தவர். 1886ஆம் ஆண்டு அவ்வூர்ப்பக்கத்து நகை வணிகர் ஒருவருக்குக் கடிகாரங்கள் அடங்கிய பெட்டி ஒன்று வந்தது. வணிகர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். கேட்பாரற்றுக் கிடந்த அக்கடிகாரங்களைச் சியர்ஸ் தாமே விலைக்கு வாங்கி, அவ்விருப்புப்பாதையில் இருந்த மற்ற நிலைய அலுவலர்களுக்கு எழுதி அவர்கள் வாயிலாக விற்றார். அமெரிக்கப் புகைவண்டிக் குழுமங்கள் 1883ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் பொதுநேரத்தை ஏற்றுக்கொண்டிருந்தன. ஊருக்கு ஒரு நேரம் என்றிருந்த நிலை மாறி, வண்டியின் நேரமே நாட்டின் நேரம் ஆயிற்று. ஆகவே நல்ல கடிகாரம் யாவர்க்கும் வேண்டியதாயிற்று. சியர்ஸ் அலுவலை விட்டார். ஆல்வா ரோபக் என்னும் கடிகாரத் தொழிலாளரைத் துணைக்கொண்டார். அவ்விருவர் பெயரால் எழுந்த ‘சியர்ஸ் ரோபக்’ நிறுவனம் ஊசி முதல் உழுகருவி வரை அனைத்தையும் விலைப்பட்டியல் நூலில் அச்சிட்டு விற்றது.

இந்நூல் ஏழை மக்களுக்குச் செய்த உதவி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஊர்க்கடைக்குச் சென்றால் வெள்ளையர் அனைவரும் வாங்கி முடியும்வரை காத்து நிற்கவேண்டியிருந்தது. கடைக்காரர் தந்ததே பொருள், அவர் சொன்னதே விலை. தபாலில் எழுதிக் கேட்டவர்க்கோ அவமதிப்பு இல்லை. யாவர்க்கும் அச்சிட்ட ஒரே விலை. தொலைவிலுள்ள கடை முகம் பார்ப்பதில்லை என்பது அதன் சிறப்பு. அதனால் நலிந்தவர்களும் உண்டு. தம் வாணிகம் போகக்கண்ட ஊர்க்கடைக்காரர் சிலர் அவ்விலைப்பட்டியல் நூல்களைத் தெருவிற் குவித்துக் கொளுத்தினர்.

1896ஆம் ஆண்டு சிற்றூர்களுக்கும் வீடுதேடித் தபால் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 1913ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அரசினரின் தபால்வழிப் பார்சல் முறை வந்தது. அதன்பின் தொலைக்கடை பெருவெள்ளமெனப் பெருகியது. 1933ஆம் ஆண்டு முதல் சியர்ஸ் நிறுவனம் கிறிஸ்துமஸ் விழாவுக்கென்றே தனி விலைப்பட்டியல் வெளியிட்டது. அமெரிக்கச் சிறுவர் அந்நூலின் பக்கங்களைப் புரட்டித் தமக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள்களுக்கு அடையாளம் இட்டு வைப்பர். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் தாம் விரும்பும் பொருள்களைக் குறித்துவைப்பது அதன் வழிவந்ததேயாம்.

வணிகருக்காக நகர்ந்த திருநாள்

விழாவைப் பின்பற்றிக் கடை நடந்தது பழைய முறை. கடையைப் பின்பற்றி விழா நடந்த விந்தையும் அமெரிக்காவில் நிகழ்ந்தது. நன்றி நவிலும் திருநாளை அந்நாட்டார் நவம்பர் மாதத்தின் இறுதி வியாழக்கிழமையில் கொண்டாடி வந்தனர். அந்நாள் கழியுமுன் கிறிஸ்துமஸ் விளம்பரம் செய்தல் முறையன்று என்று வணிகர் கருதினர். 1939ஆம் ஆண்டு அந்நாள் நவம்பர் 30ஆம் தேதியில் வந்தது. வாங்குவதற்கு நாள் குறைந்துவிட்டதே என்று வணிகர் முறையிட, குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூசுவெல்டு திருநாளை ஒரு வாரம் முன்னதாக, 23ஆம் தேதிக்கு மாற்றினார். மாநிலங்களில் ஏறத்தாழப் பாதி அதனை ஏற்றன. மற்றவை பழைய நாளிலேயே கொண்டாடின. டெக்சாசு போன்ற சில மாநிலங்கள் இரண்டு நாளையும் கொண்டாடின! இக்குழப்பம் தீர 1941ஆம் ஆண்டு நான்காம் வியாழக்கிழமையே திருநாள் எனச் சட்டம் இயற்றப்பட்டது.

அத்திருநாளுக்கு மறுநாளில் கூடும் கூட்டத்தைக் கண்டு சலிப்புற்ற ஃபிலடெல்ஃபியா நகரக் காவலர் அதனைக் ‘கரிய வெள்ளி’ என்று 1960ஆம் ஆண்டை ஒட்டி அழைக்கலாயினர். காவலர் சலித்துக்கொண்டு இட்ட பெயரைப் பின்னாளில் வணிகரே தம் பெருவிற்பனை நாளின் பெயராகக் கொண்டனர்.

நம் நாட்டில் வி.பி.பி.

நம் பாரத நாடும் இத்துறையில் பிற்பட்டிருக்கவில்லை. 1877ஆம் ஆண்டே ‘வி.பி.பி.’ என்று நாம் வழங்கும் முறை இந்தியத் தபால் துறையில் ஏற்பட்டது. பொருளைத் தபால்காரர் வீட்டிற்குக் கொணர்வார்; வாங்குபவர் விலையைச் செலுத்திப் பொருளைப் பெறுவார்; பணம் விற்றவர்க்குத் தபால் வழியே சென்று சேரும். முன்பின் அறியாத இருவர்க்கு இடையே தபால் துறை நம்பிக்கைக்கு உரிய மூன்றாமவராக நின்றது. புத்தகமும் மருந்தும் கடிகாரமும் இவ்வழியே சிற்றூர்களை அடைந்தன. தபால் வண்டிகளைச் சுமந்து சென்றவை நம் புகைவண்டிகளேயாம்.

எனினும் விழாக்காலத் துணியும் பண்டமும் இம்முறையில் வந்தவை சிலவே. பாரத மக்கள் துணியைத் தொட்டுப் பார்த்தும், விலையைப் பேசிக் குறைத்தும் வாங்கும் இயல்பினர். தமிழகத்து வணிகர், திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகள் இன்மையால் விற்பனை மந்தமாகும் ஆடி மாதத்தைத் தள்ளுபடி மாதமாக்கி, வாங்கும் பருவம் ஒன்றைத் தாமே படைத்துக்கொண்டனர். இல்லாத பருவத்தை உண்டாக்கும் இக்கலை மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஆடித் தள்ளுபடியே சான்று.

கணிப்பொறியில் திறந்த கடை

1993ஆம் ஆண்டு சியர்ஸ் நிறுவனம் நெடுங்காலம் வெளியிட்டு வந்த தன் பெரிய விலைப்பட்டியல் நூலை நிறுத்தியது. மறு ஆண்டே, 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், ‘நெட்மார்க்கெட்’ என்னும் இணையக் கடையின் வழியே ஓர் இசைத்தட்டு 12 டாலர் 48 செண்டு விலைக்கு விற்கப்பட்டது. செலுத்துவோரின் அட்டை எண்ணைப் பிறர் அறியாவண்ணம் மறையெழுத்தாக்கி நிகழ்ந்த முதல் இணைய விற்பனைகளுள் அது ஒன்று. அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டு 1995ஆம் ஆண்டு சூலையில் புத்தகக்கடையாகத் திறக்கப்பட்டது அமேசான். ஒரு பட்டியல் மூடப்பட, மற்றொரு பட்டியல் கண்ணாடித் திரையில் விரிந்தது. தொலைக்கடையைப் பெருக்கிய சியர்ஸ் நிறுவனமே 2018ஆம் ஆண்டு நொடித்து நீதிமன்றத்தை நாட நேர்ந்தது காலத்தின் கோலமாகும்.

இணையக்கடை தன் விழா நாள்களைத் தானே வகுத்துக்கொண்டது. நன்றித் திருநாள் விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பும் அமெரிக்கர், அங்குள்ள விரைவான இணைய வசதியைக் கொண்டு திங்கட்கிழமையில் மிகுதியாக வாங்குவதை வணிகர் சங்கத்தார் கண்டனர். 2005ஆம் ஆண்டு அதற்கு ‘இணையத் திங்கள்’ எனப் பெயர் சூட்டினர். சீன நாட்டில் மணமாகாத மாணவர் 11ஆம் மாதம் 11ஆம் நாளைத் தம் நாளாக விளையாட்டாகக் கொண்டாடி வந்தனர்; ஒன்று என்னும் எண் நான்கு முறை வருவதால் தனித்திருப்போர் நாள் என்றனர். அலிபாபா நிறுவனம் 2009ஆம் ஆண்டு அந்நாளை 27 வணிகப் பெயர்களுடன் தள்ளுபடி நாளாக்கியது. முதலாண்டு விற்பனை ஏறத்தாழ 5 கோடி யுவான். பத்தாண்டு கழிந்து 2019இல் ஒரே நாளில் நிகழ்ந்த விற்பனை 26,840 கோடி யுவான். 2022 முதல் அந்நிறுவனம் மொத்தத் தொகையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அமேசான் நிறுவனமோ 2015ஆம் ஆண்டு சூலையில், தன் 20ஆம் ஆண்டு நிறைவையே பெருவிற்பனை நாளாக்கிற்று. கடையின் பிறந்தநாள் நாட்டு மக்களுக்கு விழாவாயிற்று!

பாரதத்தில் இணைய வாணிகம்

1999ஆம் ஆண்டு பெங்களூரில் ‘ஃபேப்மார்ட்’ என்னும் இணையக்கடை தோன்றியது. அந்நாளில் இணைய இணைப்பு அரிது. அட்டையால் பணம் செலுத்துவோரும் அரியர். நம் மக்களில் பலர்க்கு இணையத்தில் பணம் செலுத்தும் அச்சத்தைப் போக்கியது புகைவண்டித் துறையே என்று துணிந்து கூறலாம். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழிப் பயணச்சீட்டு வழங்கத் தொடங்கிற்று. முதலில் அச்சீட்டு கூரியர் வழியே வீட்டுக்கு வந்தது. விழாவுக்கு ஊர் செல்ல இரவெல்லாம் முன்பதிவு வரிசையில் நின்ற நம்மவர், வீட்டில் இருந்தபடியே சீட்டுப் பெறக் கற்றனர். சீட்டு வாங்கிய கை பிறகு சேலையும் வாங்கிற்று.

2007ஆம் ஆண்டு பெங்களூரில் சச்சின் பன்சல், பின்னி பன்சல் என்னும் இளைஞர் இருவர் ஃபிளிப்கார்ட் என்னும் புத்தகக்கடையைத் தொடங்கினர். 2010ஆம் ஆண்டு அவர்கள், பொருளைக் கையிற் பெற்றபின் பணம் தரும் முறையைக் கொணர்ந்தனர். உற்று நோக்கின் அது 1877ஆம் ஆண்டின் வி.பி.பி. முறையே, தபால்காரர் நின்ற இடத்தில் முதுகில் பையைச் சுமந்த இளைஞர் வந்து நின்றார். காணாத கடையை நம்பச்செய்ய 133 ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பழைய வழியே கைகொடுத்தது.

2013ஆம் ஆண்டு அமேசான் நம் நாட்டில் கடை திறந்தது. போட்டி வலுத்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் ஃபிளிப்கார்ட் ஒருநாட் பெருவிற்பனையை அறிவித்தது. விசயதசமி கழிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. பின் ஏன் அந்நாள்? நிறுவனத்தைத் தொடங்கிய வீட்டின் எண் 610. ஆகவே 10ஆம் மாதம் 6ஆம் நாள்! பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு நாள் கதவிலக்கத்தால் நாடறிந்த நாள் ஆயிற்று. 10 மணி நேரத்தில் ஏறத்தாழ 600 கோடி ரூபாய்க்கு விற்றதாக நிறுவனம் அறிவித்தது. கூட்டம் தாங்காமல் கடைத்தளம் தடுமாறியது. பொருள் தீர்ந்துவிட்டதென்றும், முன்னர் விலையை உயர்த்திப் பின்னர் குறைத்தனர் என்றும் மக்கள் குறை கூறினர். மறுநாள் நிறுவனத்தார் பொதுமக்களிடம் வருத்தம் தெரிவித்தனர். அதன்பின் விற்பனை ஒருநாளில் அடங்காமல் பல நாள் விழாவாக விரிந்தது.

2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. பணமாற்று முறை வந்தது. அவ்வாண்டே இணையக் கட்டணமும் வெகுவாகக் குறைந்தது. ஆகவே பெருநகரத்தார்க்கு உரியதாயிருந்த இணையக்கடை, சிற்றூரார்க்கும் எட்டும் கடையாயிற்று.

பணம் வரும் பருவம்

விற்பனைப் பருவம் ஏன் புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது? முதற்காரணம் மழையும் விளைச்சலும். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் மழைக்காலப் பயிர் அறுவடையாகி உழவர் கையில் காசு புழங்கும் பருவம் அது. இரண்டாம் காரணம் போனஸ். 1965ஆம் ஆண்டுச் சட்டம் போனஸைத் தொழிலாளரின் உரிமையாக்கியது. புகைவண்டித் தொழிலாளர்க்கு உற்பத்தித் திறனை ஒட்டிய போனஸ் 1979-80ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகிறது. விசயதசமிக்கு முன்பே அது கைக்கு வந்துவிடும்.

2025ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது தெளிவாகும். செப்டம்பர் 22ஆம் நாள் நவராத்திரித் தொடக்கம்; அன்றே சரக்கு சேவை வரிக் குறைப்பு நடைமுறைக்கு வந்தது. 23ஆம் நாள் இரு பெரும் இணையக்கடைகளும் விழா விற்பனையைத் தொடங்கின. 24ஆம் நாள் புகைவண்டித் தொழிலாளர்க்கு 78 நாள் ஊதியத்தைப் போனஸாக வழங்க நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தலைக்கு உயர்ந்த அளவு 17,951 ரூபாய். தீபாவளியோ அக்டோபர் 20ஆம் நாள். பணம் நம் கைக்கு வருமுன்னரே, அதனை வாங்கிக்கொள்ளக் கடை வாயிலிற் காத்து நின்றது! இது குற்றம் என்று கூறவில்லை. வணிகர் கணக்கில் வல்லவர் என்கிறேன். கணக்கில் நாமும் வல்லவராதல் வேண்டும்.

ஆதாயமும் இழப்பும்

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இவ்வாணிகத்தால் விளைந்த நன்மை பெரிது. முன்பு நாகபுரியில் கொலு வைக்க வேண்டுமாயின் பொம்மையும், பொங்கலுக்கு வெண்கலப் பானையும், கரை வேட்டியும் சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் வருவோர் கையில் சொல்லியனுப்ப வேண்டும். இப்போது காஞ்சிச் சேலையும் கருப்பட்டியும் வாயிலுக்கே வருகின்றன. நெசவாளர் ஒருவர் தம் ஊரிலிருந்தே நாடெங்கும் விற்கவும் இயலுகிறது. நம் மொழியறியாத ஊரில் முகம் பார்த்து விலை கூறுவாரோ என்னும் ஐயமும் இல்லை.

இழப்பையும் மறத்தலாகாது. சீதாபர்டியிலும் இத்வாரியிலும் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்போர் விழாக்கால விற்பனையை நம்பியே ஆண்டு முழுதும் வாழ்கின்றனர். மாற்றலாகி வந்த புதிதில், இருப்பிடச் சான்றும் சம்பளச் சீட்டும் கேளாமல் மாதக் கணக்கில் மளிகை கொடுத்தவர் மூலைக்கடைக்காரரே. அவரது குறிப்பேட்டில் நம் பெயர் இருந்தது. இணையக்கடையிலோ நாம் ஓர் எண்.

இனி, ‘இன்னும் இரண்டே உள்ளன’, ‘பத்து நிமிடத்தில் முடிகிறது’ என்று அவசரப்படுத்தும் அறிவிப்புகள். இல்லாத அவசரத்தை உண்டாக்குதல் முறைகேடு என்பதை நம் அரசாங்கமே ஒப்புக்கொண்டுள்ளது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள், இணையத்தில் நுகர்வோரை மயக்கும் 13 வகைச் சூழ்ச்சிகளைக் குறித்துள்ளன. பொய்யான அவசரம் அவற்றுள் ஒன்று.

பொதி சுமப்போரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விழாக்காலத்தில் பார்சல் மிகுந்தால் புகைவண்டித் தொழிலாளி கூடுதல் நேரம் உழைப்பான். ஆனால் அவனுக்கு மிகைநேர ஊதியம் உண்டு, விடுப்பு உண்டு, பின்னாளில் பாதுகாப்பு உண்டு. 2019ஆம் ஆண்டு சியால்டா–புது தில்லி இராஜதானி வண்டியிலேயே இணையக்கடைப் பொதிகள் ஏற்றப்படலாயின. அப்பொதியை நிலையத்திலிருந்து மூன்றாம் மாடிவரை தூக்கிச்செல்லும் இளைஞனுக்கோ நெடுங்காலம் இவற்றுள் ஒன்றும் இல்லை. அத்தகையோர்க்கென 2023ஆம் ஆண்டு இராசத்தான் மாநிலம் முதன்முதலாகத் தனிச்சட்டம் இயற்றிற்று. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அவர்களைக் கணக்கிற் கொண்டு, 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. புகைவண்டித் தொழிலாளர் பல்லாண்டு போராடிப் பெற்ற உரிமைகளை அவர்களும் விரைவிற் பெறுவாராக.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை விளங்கும். புகைவண்டி வந்தது, விலைப்பட்டியல் பிறந்தது. தபால்வழிப் பார்சல் வந்தது, கிறிஸ்துமஸ் நூல் பிறந்தது. கைப்பேசி வந்தது, எந்நாளும் விற்பனைத் திருநாள் ஆகும் நிலை பிறந்தது. பொருளைக் கொண்டுசெல்லும் வழி எளிதாகும்தோறும், விழா நாளைக் குறிக்கும் உரிமை ஊராரிடமிருந்து வணிகரிடம் சிறிது சிறிதாகச் சென்று சேர்ந்தது. விரைவான வழி வேண்டா என்று எவரும் கூறார். புகைவண்டியில் ஊழியம் செய்யும் நான் அங்ஙனம் கூறுதல் பொருந்துவதன்று.

அன்பர்கட்கு அடியேன் கூற விழைவன சிலவே. வேண்டிய பொருளின் பட்டியலை விற்பனை அறிவிப்பு வருமுன் எழுதிவையுங்கள். அதன் விலையையும் முன்னரே குறித்து வையுங்கள். பிறகு தள்ளுபடியின் மெய்யும் பொய்யும் தாமே விளங்கும். தொலைவில் கிடைப்பதைத் தொலைவில் வாங்குங்கள். தெருவில் கிடைப்பதைத் தெருவில் வாங்குங்கள். தீபாவளிக்கு முந்திய நாளில் பொதியுடன் வாயிலுக்கு வரும் இளைஞனுக்குத் தண்ணீரும், இருந்தால் ஓர் இனிப்பும் கொடுங்கள். அவனும் பெரும்பாலும் நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவனே. விழா என்பது வாங்கும் நாள் மட்டுமன்று, கூடும் நாளுமாகும். அந்நாளைக் குறிக்கும் உரிமை நம்மிடம் நிலைபெற வேண்டுமாயின், ஆண்டுதோறும் இங்ஙனம் ஓரிடத்திற் கூடும் வழக்கத்தை நாம் கைவிடலாகாது.

வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!